‘பார்த்தாச்சு’

திரையில் ஓர் அட்டையைச் சொடுக்கினால் வேறோர் அட்டையின் விளக்கு அணைந்தது. சின்ன விஷயம்தான். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் இறங்கிப் போய்விட, ஏசியின் உறுமலும் யாரோ மூடாமல் விட்ட டப்பாவின் புளித்த வாடையும் மட்டும் மிஞ்சிய அலுவலகத்தில், அவள் மறுபடி சொடுக்கினாள். இப்போதுதான் சரியான விளக்கு அணைந்தது. முதியோர் இல்லத்து நர்ஸ் சொன்னது உண்மை: “உங்க பட்டன் மக்கர் பண்ணுது மேடம். நாங்க எப்பவுமே ரெண்டு தடவை அமுக்குவோம்.”

அந்த மென்பொருள் அவள் எழுதியது. அறைக்கு ஓர் அட்டை; எல்லாம் ஒரே டெம்ப்ளேட் அச்சில் வார்த்தவை. அறையில் இருப்பவர் மணியை அழுத்தினால் அட்டையில் சிவப்பு விளக்கு எரியும். நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்து ‘பார்த்தாச்சு’ பட்டனைச் சொடுக்கினால் அணையும்.

எழுதிய அன்று, டெம்ப்ளேட்டுக்குள் இருந்த விளக்கைப் பட்டனின் நிரலிலிருந்து பெயர் சொல்லித் தேடினாள். கிடைக்கவில்லை. எந்த அட்டைக்குள் தேடுவது என்று சொல்லியிருக்க வேண்டும். பொறுமையில்லை. திரையில் முதலில் அகப்படும் எரிகிற விளக்கை அணைத்துவிடு என்று எழுதிக் கைகழுவிவிட்டாள்.

முதல் அட்டை, அதே இல்லத்தில் இருந்த அப்பாவுடையது. அவர் மணியடித்திருந்தால், யார் அறைக்குச் சொடுக்கினாலும் அவர் விளக்குதான் அணையும்.

“கூப்பிட்டா யாரும் வர்றதில்லம்மா.”

“நான் எழுதுன சிஸ்டம்ப்பா அது. சும்மா குறை சொல்லாதீங்க.”

நர்ஸின் எதிரிலேயே அவரிடம் அவள் அப்படிச் சொல்லியிருந்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். போன வாரம் மணியைப் பிடித்தபடி கட்டிலுக்குக் கீழே விறைத்துக் கிடந்தார்.

இப்போது திருத்தினாள். சொடுக்கிய பட்டன் எந்த அட்டையில் இருக்கிறதோ, அந்த அட்டையின் டெம்ப்ளேட்டுக்குள் தேடு. உடனே கிடைத்தது. இரண்டே வரி. காது மடல்வரை எரிந்தது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பினாள். காலி நாற்காலிகள்.

இல்லத்தோடு இணைத்து ஓட்டினாள். முதல் அட்டை சிவந்தது.

நர்ஸுக்குப் போன் போட்டாள்.

“அந்த ரூமா? பூட்டித்தான் மேடம் இருக்கு. மணியோட ஒயரைக்கூடக் கழட்டியாச்சு.”

சொடுக்கினாள். அணைந்தது. எரிந்தது.

சொடுக்கினாள். எரிந்தது.

“அப்பா, தப்பு என்னுதுதான்...” என்றாள் திரையைப் பார்த்து. ஏசி நின்றது.

மவுசிலிருந்து கையை எடுத்தாள். யாரும் தொடாத பட்டன் அசைந்தது. உள்ளே அமுங்கவில்லை. அவள் பக்கமாகப் புடைத்தது. அடங்கியது. அடுத்த அட்டையின் பட்டன். அதற்கடுத்தது. ஒவ்வோர் அட்டைக்குள்ளும் யாரையோ பெயர் சொல்லித் தேடிக்கொண்டு வருவதுபோல.

வரிசை வரிசையாக.

நிதானமாக.

கடைசி அட்டையும் முடிந்தது. அதற்குக் கீழே அட்டை இல்லை, கறுப்புத் திரைதான். அதில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது.

அந்த முகத்தின் நெற்றியில் திரைக் கண்ணாடி மெல்லப் புடைத்தது. ஒரு பெருவிரல் நுனி அளவுக்கு. அப்புறம் அது அடங்கவில்லை.