கேள்வி கேட்டால் மண்

லீவார்டன் நகரக் காவல் நிலையத்தில் போன் அலறியது.

"சார்... எங்க டாக்டரைக் காணோம்..."

இன்ஸ்பெக்டர் ஹெட்டிங்கா கொட்டாவியை விழுங்கினார். "எவ்வளவு நேரமா?"

"ஒன்றரை மணி நேரமா. சர்க்கரை வியாதிக்காரர் சார். இன்சுலின் போட்டுக்கிட்டார். சாப்பாட்டு டப்பா பிரிக்காம இருக்கு."

"ஊசி போட்டுட்டுச் சாப்பிடலேன்னா?"

"மயக்கம். அப்புறம்... அப்புறமே கிடையாது."

ஹெட்டிங்காவின் சைக்கிள் மூன்று சிவப்பு விளக்குகளையும் ஒரு வாத்துக் குடும்பத்தையும் மதிக்காமல் பறந்தது.

அவர் போய்ச் சேர்ந்தது, அடங்காத குழந்தைகளுக்கு விளையாட்டாலேயே வைத்தியம் பார்க்கும் இடம். போன் செய்த ஹிஸ்கே அங்கே வைத்தியம் பார்ப்பவள். டாக்டர் கிடைத்ததும் ஊட்டுவதற்காகச் சாக்லேட் தூவிய ரொட்டியை ஹெட்டிங்காவின் கோட்டுப் பையில் திணித்து, ஒரு பெரிய கண்ணாடித் தடுப்பின் முன் நிறுத்தினாள்.

"டாக்டர் வீப்ரன் கடைசியா இருந்தது இவகூடத்தான். ஃபெம்கே. ஆறு வயசு. உட்காருன்னா நிப்பா. நில்லுன்னா மேஜை மேல நிப்பா. ஏழு பள்ளிக்கூடம் கும்பிடு போட்டு அனுப்பிடுச்சு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மணல் தொட்டியில், சிறுமி ஒரு பிணத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

பொம்மைப் பிணம்தான்.

ஆனால் அதன் மூக்கில் இருந்தது... டாக்டரின் மூக்குக் கண்ணாடி!

ஹிஸ்கே அவர் காதில் ஒலிக்கருவியைச் செருகி முடிப்பதற்குள் ஹெட்டிங்கா உள்ளே பாய்ந்துவிட்டார்.

"டாக்டர் எங்கே?"

ஒரு கை மணல் அவர் மீசையில் வந்து விழுந்தது.

காதில் ஹிஸ்கே சீறினாள். "கேள்வி கூடாது சார். கட்டளையும் கூடாது. அங்கே அவதான் ராணி. அவ செய்யறதை அப்படியே வாயால சொல்லுங்க. பாராட்டுங்க."

நானூறு கொலைகாரர்களைக் கதறவைத்த குரல் குழைந்தது.

"நீ... பொம்மையைப் புதைக்கிறே. ரொம்ப அழகாப் புதைக்கிறே."

"இது டாக்டர். செத்துட்டார்."

ஹெட்டிங்கா அதை அப்படியே திருப்பிச் சொன்னார்.

"டாக்டர்... செத்துட்டார்ங்கறே."

"சும்மா. நெஜ டாக்டர் ஜெயில்ல. நீயும் திருடன்தான், மீசை. கோட்டைக் கழட்டு. உள்ளே போ."

அவள் விரல் காட்டியது பொம்மை அலமாரியை. மூன்றடி உயரம். டாக்டரோ ஆறடி நாலங்குலம். அதனால்தான் அதை ஒருவரும் சந்தேகிக்கவில்லை!

கோட்டைப் பறிகொடுத்துவிட்டு ஹெட்டிங்கா தவழ்ந்தார். கதவு மூடியது. இருட்டில் ஒரு முழங்கால் அவர் தாடையை இடித்தது.

"டாக்டர்?"

"மெதுவா..." மடக்கிவைத்த நாற்காலி மாதிரி கிடந்த உருவம் வியர்த்து நடுங்கியது.

"கட்டிப்போட்டாளா?"

"இல்ல."

"பூட்டிட்டாளா?"

"இதுக்குப் பூட்டே கிடையாது."

"அப்புறம் ஏன்யா இங்கே கிடக்கறீங்க?"

"ஆட்டத்தை அவதான் முடிக்கணும். நான் எழுந்துட்டா... அஞ்சு மாச வைத்தியம் பாழ். நானே போட்ட விதி."

டாக்டரின் நாக்கு குழறியது. ரொட்டியோ கோட்டில், கோட்டோ வெளியில்!

ஹெட்டிங்காவின் மூளை மின்னியது. சொன்னதற்கு நேர்மாறாகச் செய்யும் பெண்தானே?

"ஃபெம்கே, கோட்டுல இருக்கற ரொட்டியை மட்டும் எங்களுக்குக் கொடுத்துடாதே."

வெளியே கோட்டுப் பை சரசரத்தது. பிறகு...

"சரி."

காதில் ஹிஸ்கே விம்மினாள். "கீழ்ப்படிஞ்சுட்டா... பொறந்ததுலேருந்து இதான் சார் முதல் தடவை..."

"ஜெயிச்சுட்டோம்..." என்று சிரித்தபடி டாக்டர் சரிந்தார்.

ஹெட்டிங்கா கதவை உதைத்தார். பாய்ந்தார். ரொட்டியைப் பிடுங்கி, டாக்டரின் வாயைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினார். ஒரு நிமிடம்... ஐந்து... பத்து... கண்கள் திறந்தன. உதட்டில் சாக்லேட்.

"ஆட்டத்தைக் கலைச்சது யாரு?"

"மீசை," என்றாள் ஃபெம்கே. "ஜெயிலை உடைச்சான். பிடுங்கினான். சொன்ன பேச்சே கேக்கறதில்ல."

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அடங்காத குணம். முத்திப் போயிருக்கு. புதன்கிழமை பத்து மணிக்கு வந்துடுங்க, இன்ஸ்பெக்டர். பன்னிரண்டு வாரம்."

ஹெட்டிங்கா மீசையில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார்.

ஃபெம்கே அவர் முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

"அழாதே மீசை. முதல் வாரம்தான் கஷ்டம். அப்புறம் டாக்டர் நம்ம வழிக்கு வந்துடுவார்."