கதவுத் துளையில் பச்சை

எட்டாவது மாடியில் தணிகாசலம் அண்ணன் வீட்டுக் கதவை நான் தட்டியதும், உள்ளிருந்து வழக்கமான குரல்தான் வந்தது.

"விளக்கக் காட்டிட்டுப் பேசு."

கழுத்தில் தொங்கிய மெய்விளக்கைக் கதவுத் துளைக்கு நேராகப் பிடித்தேன். நாடித்துடிப்பையும் குரல் நடுக்கத்தையும் அளந்து, உண்மை என்றால் பச்சையாகவும் பொய் என்றால் சிவப்பாகவும் எரியும். இப்போதெல்லாம் அது இல்லாமல் யாரும் யாரையும் நம்புவதில்லை. கூடப்பிறந்த தம்பியே ஏமாற்றிச் சொந்த வீட்டை எழுதி வாங்கிய பிறகு, அண்ணன் அதை மட்டும்தான் நம்பினார். மூன்று வருடமாக வெளியே வரவில்லை. நான் கொண்டுவரும் சாப்பாட்டைக்கூட, "இதுல ஒண்ணும் கலக்கலண்ணே" என்று சொல்லிப் பச்சை காட்டினால்தான் எடுப்பார்.

அன்று நான் சாப்பாட்டோடு வரவில்லை.

"அண்ணே, நஸ்ரின். நாளைக்கு அரவணைப்புத் துறை ஆளுங்க வர்றாங்க. தனியா இருக்கறவங்கள இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. போனவங்க ஒருத்தர்கூட திரும்பல. கதவத் திறக்காதீங்க."

அம்மா அந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறாள். அவள் பையில் இருந்த பட்டியலில் அண்ணன் பெயரைப் பார்த்திருந்தேன். இது வெளியே தெரிந்தால் அம்மாவுக்கும் எனக்கும் சிறை. சொல்லும்போதே குரல் நடுங்கியது.

விளக்கு சிவப்பாக எரிந்தது.

"நீயுமா பாப்பா?" உள்ளே அண்ணன் சிரித்தார். "எவன் அனுப்புனான்? என் தம்பியா?"

"பயம்ண்ணே! பயத்துல எரியுது!"

"பொய் சொல்றவனுக்குத்தான் பயம் வரும். போ."

மறுநாள் காலை அதிகாரி வந்தார். கொட்டாவியை முடித்துவிட்டு, தினமும் நாற்பது கதவுகளில் சொல்லும் வாக்கியத்தைச் சொன்னார்.

"உங்களுக்கு உதவி பண்ணத்தான் வந்திருக்கோம்."

துளி நடுக்கம் இல்லை. பச்சை.

தாழ்ப்பாள் விலகியது. அண்ணன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். படிக்கட்டில் நின்ற என்னிடம், "பாத்தியா? இது பச்சை" என்றார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் அம்மா என் அறைக் கதவைத் தட்டினாள்.

"நஸ்ரின், நீ அவர்கிட்ட பேசுனது எட்டாவது மாடி கேமராவுல இருக்குடி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கதவத் திற."

சாவித்துளையில் கண் வைத்தேன். கொஞ்சமும் அசையாத பச்சை.

"விளக்கப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேம்மா" என்றேன். நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.