இல்லாத ஆளுக்கு நிறுத்தாதே

பயிற்சி அறை சரக்குக் கிடங்கின் கோடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரை அடைத்து வளைந்த திரை. அதில் சிமுலேட்டர் காட்டும் பொய் வெயில், பொய் விமான நிலையம். அவள் நுழைந்தபோது சூடான வயர் வாடை அடித்தது. கூடவே லேசாக எரிபொருள் வாடையும். படத்துக்கு ஏது வாடை என்று தன்னையே கேலி செய்துகொண்டாள்.

விமானத்துக்கு எதிரே நின்று, ஒளிக்கோல்களை அசைத்து, அதை இடத்துக்குக் கூப்பிடும் வேலை. போன வருஷம் புருஷன் விமானச் சக்கரத்தில் மாட்டிச் செத்ததால் இரக்கப்பட்டுக் கொடுத்தார்கள். தேறினால்தான் நிலைக்கும். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இதுதான் கடைசி வாய்ப்பு. வீட்டில் கைக்குழந்தை வேறு.

"இறக்கை நுனியில நிக்கிறவன் கட்டைவிரலைத் தூக்கினா வழி காலின்னு அர்த்தம், கூப்பிடணும். இதுக்கு எதுக்கும்மா இந்தப் பாடு?" என்றார் பயிற்சியாளர். வாயைத் திறந்தால் தேள் கொட்டுகிற மனுஷர்.

திரையில் விமானம் திரும்பியது. நுனியில் நின்ற பொம்மை ஆள் கட்டைவிரலைத் தூக்கியது. அவள் கூப்பிட்டாள்.

அப்போது அவன் வந்தான்.

முன்சக்கரத்துக்கு நேரே, பின்கழுத்தைச் சொறிந்தபடி. புருஷன் சொறிகிற மாதிரியே.

நிறுத்தச் சொல்லிக் கோல்களைத் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கப் போனாள். முன்பு இரண்டு முறையும் இவனுக்காக நிறுத்தித்தான் தோற்றாள்.

"சார், சக்கரத்துக்கிட்ட ஆள் இருக்கு."

"அங்க நான் யாரையும் வைக்கலை. இல்லாத ஆளுக்கு நிறுத்தினா, நேரா வீட்டுக்குப் போயிடு."

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் பிள்ளையை நினைத்தாள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு கூப்பிட்டாள்.

சக்கரம் ஏறியது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

"பாஸ்" என்றார் அவர். "போகப் போகப் பழகிடும்."

பழகித்தான் போயிற்று. அதுதான் வினை.

முதல் நாள் வேலை, உச்சி வெயில். அதே வேலையில் இருந்த கொழுந்தன், அவளுக்குத் துணையாக அந்த ஷிஃப்டைக் கேட்டு வாங்கி வந்திருந்தான். அண்ணனை உரித்து வைத்த உடம்பு.

"நான் இறக்கைப் பக்கம் நிக்கிறேன் அண்ணி. என் விரலை மட்டும் பாருங்க, போதும்."

விமானம் வந்தது. காதை மூடியிருந்த கவசத்துக்குள் தன் மூச்சு மட்டும் கேட்டது. இறக்கை நுனியில் கட்டைவிரல் உயர்ந்தது. கூப்பிட்டாள்.

சக்கரத்துக்கு முன்னால் மறுபடியும் அவன்.

குனிந்து எதையோ எடுத்தான். கால் வழுக்கி விழுந்தான். எழ முடியாமல் கைகளை வீசினான்.

"செத்தும் என் பிழைப்பைக் கெடுக்கணுமா?" என்று பல்லைக் கடித்தாள். கோல்களை இன்னும் வேகமாக அசைத்தாள்.

அவன் வாய் அகலத் திறந்தது.

அண்ணி.

பிறகு அந்தச் சத்தம். பயிற்சி அறையில் கேட்ட அதே சத்தம்.

சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை ஒன்று உருண்டு வந்து அவள் காலில் இடித்தது. கீழே கிடந்த அதை எடுக்கத்தான் ஓடி வந்திருக்கிறான் கொழுந்தன், பாவி.

கோல்கள் கையிலிருந்து நழுவின. அப்படியானால் இறக்கை நுனியில்?

அங்கே ஒருவன் நின்றிருந்தான். ஒரு கையால் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு.

மறு கையின் கட்டைவிரல் இன்னும் இறங்கவில்லை.