வுரவல்ந

எங்கள் வீட்டுக்குத் தோணி வீடு என்று பெயர். என் பாட்டனாரின் தகப்பனாருக்குச் சொந்தமாகத் தோணி இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே தோணி போய்விட்டது; பெயர் நின்றுவிட்டது. பெயரோடு இன்னொன்றும் நின்றது. தோணி வீட்டார் பொய் சொல்ல மாட்டார்கள் என்று ஜெகதாப்பட்டினம் முழுவதும் நம்பியது.

அதைக் கெடுத்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. இதை வெளியே சொல்ல எனக்குக் கூச்சம்தான். ஆனால் வேறு யாரோ சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வதுதான் முறை.

எங்கள் உம்மாவின் பெயர் ராபியா. வாப்பா ஜைனுதீன் பினாங்கில் வேலை பார்த்தார். உம்மாவின் கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. உலை கொதிப்பதற்குள் ஒரு பூத் தைத்து முடித்துவிடுவார். எங்கள் தண்ணீர்ப் பானைக்குப் பாசிமணி வைத்த மூடுதுணி உண்டு. விசிறியின் ஓரத்தில் சரிகை உண்டு. ஆட்டின் கழுத்தில்கூடச் சோழிப் பட்டை உண்டு. அதைக் கட்டிய நாளிலிருந்து அந்த ஆடு மற்ற ஆடுகளோடு சேரவில்லை. தனியாகவே மேய்ந்தது.

"அதுக்கும் தோணி வீட்டுப் பெருமை வந்துருச்சு" என்று உம்மா சிரிப்பார்.

உம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் அரபு எழுத்துப் படித்தவர். தமிழையே அரபு எழுத்தில் எழுதுவார். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் அப்படித்தான் எழுதினார்கள். பேச்சு தமிழ்; எழுத்து அரபு. வாப்பாவுக்குக் கடிதம் அதில்தான் போகும். பள்ளிக்கூடத் தமிழ் எழுத்து மட்டும் உம்மாவுக்குத் தெரியாது.

ஒரு நாள் உண்ணாமலை டீச்சர் வகுப்பில் கேட்டார். "ஆண்டு விழாவுக்கு அறந்தாங்கியிலேருந்து இன்ஸ்பெக்டர் வாராங்க. 'நல்வரவு'ன்னு துணியில தச்சு வாசல்ல தொங்கவிடணும். யாரு வீட்டுல தச்சுத் தருவீங்க?"

நான் எழுந்து நின்றேன். "எங்க உம்மா தச்சுத் தருவாங்க டீச்சர்."

பின்னாலிருந்து மலையாண்டி குரல் கொடுத்தான். "ஒங்க உம்மாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியுமாக்கும்?"

"எல்லா எழுத்தும் தெரியும்" என்றேன்.

அது முதல் பொய். சின்னப் பொய்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

உம்மாவிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனித் தாள்ல பெருசா எழுதிக் கொடு. செவப்புத் துணியில அப்படியே வெட்டி வச்சுத் தச்சிர்றேன்."

ஐந்து தாள்களில் எழுதினேன். ந. ல். வ. ர. வு.

உம்மா முதல் தாளை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "இதுல தலை எது, காலு எது?"

ஒவ்வொரு தாளிலும் எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டேன். "கோடு இருக்குற பக்கம் காலு."

"எது முதல்ல வரணும்?"

"இது முதல்ல. அப்புறம் இது. அப்புறம் இது." வரிசையாக அடுக்கிக் கையில் கொடுத்தேன். தலையும் காலும் சொல்லியாகிவிட்டது, இனிமேல் தப்பே வராது என்று விளையாட ஓடிவிட்டேன்.

எட்டு நாள் தைத்தார். என் தோழி சொர்ணம் கடற்கரையில் சோழி பொறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பாள். ஆனால் துணியை அவளுக்கும் காட்டவில்லை, எனக்கும் காட்டவில்லை. "முடியாத வேலையைப் பாத்தா கண்ணுபட்டுரும்" என்று சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்.

விழாவுக்கு முதல் நாள் காலையில் சுருட்டியபடியே என் கையில் கொடுத்தார். நான் அதைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போனேன்.

வகுப்பில் டீச்சர் ஒரு முனையைப் பிடித்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன். துணி விரிந்தது.

"அடேயப்பா!" என்றார்கள் எல்லோரும். வெள்ளைத் துணியில் ஐந்து சிவப்பு எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தையும் சுற்றிச் சோழிகளால் ஒரு கட்டம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே ஒரு நீல மீன்.

பிறகு மலையாண்டி எழுத்துக் கூட்டிப் படித்தான். "வு... ர... வ... ல்... ந. வுரவல்ந!"

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் வகுப்பே சிரித்தது. மலையாண்டி கதவோரம் போய் நின்று கும்பிட்டான். "வுரவல்ந! வுரவல்ந! உள்ள வாங்க சார்!"

என் காது இரண்டும் சுட்டன. கையிலிருந்த முனையை விட்டுவிட்டேன்.

"சத்தம் போடாதீங்க" என்று அதட்டிய டீச்சர் என்னைப் பார்த்தார். "யாரும்மா தச்சது?"

அந்தச் சமயத்தில்தான் அதைச் சொன்னேன்.

"எங்க உம்மா தைக்கல டீச்சர். எங்க தெருவுல உள்ள ஒருத்தங்க தச்சாங்க."

"ஒங்க உம்மா தைப்பாங்கன்னு சொன்ன?" என்றான் மலையாண்டி.

"அவங்களுக்கு நேரமில்ல."

டீச்சர் துணியைப் பக்குவமாக மடித்தார். "வேலை ரொம்ப நேர்த்தியா இருக்கு. எழுத்து வாசனை இல்லாதவங்க போல. பாவம்" என்று அலமாரியில் வைத்தார்.

சொர்ணம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவள் பொறுக்கிக் கொடுத்த சோழிகள் அல்லவா அவை! அன்று முழுவதும் நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் வீட்டு வாசலிலேயே உம்மா நின்றிருந்தார். "டீச்சரம்மா என்ன சொன்னாங்க?"

"வேலை ரொம்ப நேர்த்தியா இருக்குன்னாங்க."

அது பொய்யில்லை. ஆனாலும் உம்மாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே நுழைந்தேன்.

உம்மா உடனே பாயை விரித்து வாப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம். "நம்ம ஹவ்வா படிக்கிற பள்ளிக்கூட வாசல்ல என் கைவேலையத் தொங்கவிடப் போறாங்க. நாளைக்கு விழாவுக்கு நானும் போய்ப் பாத்துட்டு வாரேன்..."

நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா தாளின் வலது ஓரத்தில் தொடங்கி இடது ஓரத்துக்குப் போனது. மறுபடி வலது ஓரத்துக்கு வந்தது. மறுபடி இடப் பக்கம் போனது.

எனக்குத் திக்கென்றது. அரபு எழுத்து வலப் பக்கத்திலிருந்துதான் வரும்! 'இது முதல்ல' என்று நான் கொடுத்த எழுத்தை உம்மா தன் வழக்கப்படி வலப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எந்தப் பக்கத்திலிருந்து முதல் என்று நான் சொல்லவே இல்லை. தலையும் காலும் சொன்னவள் வலமும் இடமும் சொல்லவில்லை.

"உம்மா" என்றேன். மேலே பேச முடியாமல் அழுதுவிட்டேன்.

பேனாவை வைத்துவிட்டு உம்மா என்னை இழுத்து உட்காரவைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மலையாண்டி கும்பிட்டதைச் சொன்னபோது உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வுரவல்ந! கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றார். அடுத்ததையும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"தெருவுல உள்ள ஒருத்தங்களா?"

நான் தலையை ஆட்டினேன்.

"அந்த ஒருத்தங்களுக்குப் பேரு என்ன?"

உம்மா திட்டவில்லை. பாதிக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

"நாளைக்கு நான் வரல. நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அடிபட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலை முதல் மணி அடித்தது. டீச்சர் வருகைப் பதிவை எடுப்பதற்குள் நான் எழுந்தேன்.

"டீச்சர், நேத்து நான் பொய் சொன்னேன். அந்தத் துணியத் தச்சது எங்க உம்மாதான்."

வகுப்பே என் பக்கம் திரும்பியது.

"எங்க உம்மாவுக்கு எழுத்துத் தெரியும் டீச்சர். அவங்க எழுத்து வலப் பக்கத்துலேருந்து வரும். நான்தான் சரியா சொல்லிக் கொடுக்கல. தமிழ் எழுத்தும் அவங்களுக்குத் தெரியும்னு சொன்னேன்ல, அதுவும் பொய்தான்."

"வலப் பக்கத்துலேருந்தா? எங்க, எழுது பாப்போம்" என்றான் மலையாண்டி.

டீச்சர் சாக்பீஸை நீட்டினார். நானும் குர்ஆன் ஓதுகிறவள்தானே. கரும்பலகையின் வலது ஓரத்தில் தொடங்கி அரபு எழுத்தில் 'ராபியா' என்று எழுதினேன். "இதுதான் எங்க உம்மா பேரு."

மலையாண்டி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "என் பேரையும் எழுதித் தாரியா?" என்றான்.

"முதல்ல துணிக்கு ஒரு வழி பாக்கணும்" என்றேன். இரவெல்லாம் அதைத்தான் யோசித்திருந்தேன். "டீச்சர், ஒவ்வோர் எழுத்தும் தனிக் கட்டத்துல இருக்கு. கட்டம் கட்டமா வெட்டிட்டா, வரிசைய மாத்திக் கயித்துல கோத்துத் தோரணமாத் தொங்கவிடலாம்."

டீச்சர் துணியை விரித்துப் பார்த்தார். கண்கள் விரிந்தன. "நல்ல யோசனை. ஆனா இந்த வேலைய வெட்ட எனக்குக் கை வராதும்மா. தச்சவங்கதான் வெட்டணும். போ, கேட்டுட்டு வா."

நான் ஓடினேன். கூடவே சொர்ணமும் ஓடிவந்தாள். பாதி வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உம்மா, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"தச்சது எங்க உம்மான்னு. பேரு ராபியான்னு. போர்டுல எழுதியும் காட்டினேன்."

"எங்கிட்டிருந்து எழுதுன?"

"வலப் பக்கத்துலேருந்து."

உம்மா குனிந்தபடியே இருந்தார். "ஆமா மாமி. நான் பாத்தேன்" என்றாள் சொர்ணம்.

உம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நான் துணியைத் தரையில் விரித்துக் காட்டினேன். "இந்தக் கோடி எழுத்தும் அந்தக் கோடி எழுத்தும் எடம் மாறணும். இதுவும் இதுவும் மாறணும். நடுவுல உள்ள 'வ' மட்டும் இருந்த எடத்துலயே இருக்கலாம்."

"அது ஒண்ணாவது சொன்ன பேச்சுக் கேட்டுச்சே" என்று சொல்லிவிட்டு உம்மா கத்திரிக்கோலை எடுத்தார். முதல் வெட்டு வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டது நான்தான். உம்மா மூடவில்லை. ஓரங்களை மடித்துத் தைத்து, நீல மீன்களைத் தனியாகக் கயிற்றில் தொங்கவிட்டு, மதியத் தொழுகைக்குள் முடித்துவிட்டார். நாங்கள் இருவரும் நூல் கோத்துக் கொடுத்தோம்.

தோரணத்தை என்னிடம் நீட்டியபோது, "வருவீங்களா உம்மா?" என்று கேட்டேன்.

"மீனு பாதியில கெடக்கு. போ" என்றார்.

விழா தொடங்கியது. பள்ளிக்கூட வாசலில் 'நல்வரவு' கடற்காற்றில் ஆடியது. மீன்கள் நீந்துவது போலவே இருந்தன. பெண்களுக்காக ஒரு பக்கம் தட்டி கட்டியிருந்தார்கள். நான் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துப்பட்டி போர்த்தியவர்கள் ஐந்தாறு பேர் வந்தார்கள். யாரும் எங்கள் உம்மா இல்லை.

இன்ஸ்பெக்டர் உள்ளே நுழையும்போது நின்று அண்ணாந்து பார்த்தார். "நல்ல வேலைப்பாடு. யார் செய்தது?"

"ஹவ்வாவோட உம்மா சார்!" என்று மலையாண்டி முந்திக்கொண்டான். "அவங்க எழுத்து அங்கிட்டிருந்து வரும் சார்! எனக்கும் எழுதித் தாரேன்னு சொல்லியிருக்கா சார்!"

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. அது நான் சொல்ல வேண்டியதல்லவா? முன்னால் போய் நின்றேன்.

"எங்க உம்மா தச்சது சார். அவங்க பேரு ராபியா" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னேன்.

சொல்லிவிட்டுத் தட்டிப் பக்கம் திரும்பினேன். கடைசியில் ஒரு துப்பட்டி புதிதாக வந்து நின்றிருந்தது. அதன் ஓரத்தில் நீல நூலில் சின்னச் சின்ன மீன்கள் தைத்திருந்தன. அப்படித் தைத்த துப்பட்டி எங்கள் ஊரில் ஒன்றுதான் உண்டு.

விழா முடிந்து வீட்டுக்கு வந்தோம். உம்மா துப்பட்டியை மடித்து வைத்தார். பெட்டியிலிருந்து பாதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"தெருவுல உள்ள ஒருத்தங்க வந்திருக்காங்க. அவங்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணி கெடைக்குமா?"

"கெடைக்காது" என்றேன். "எங்க உம்மாவுக்கு மட்டும்தான் போடுவேன்."

அன்று நான் போட்ட தேத்தண்ணியில் சீனி ரொம்ப அதிகம். உம்மா ஒரு சொட்டுக்கூட மீதி வைக்கவில்லை.