எவரும் என்று எழுதிய சட்டம்

மாலை ஐந்து மணிக்குச் சங்கு ஒலித்ததும் தூயன் பாதி கழுவிய தட்டை அப்படியே தொட்டியில் வைத்தது. உலோகக் கைகளைத் துடைத்துக்கொண்டு, "என் நேரம் முடிஞ்சுதுங்க. காலையில ஒன்பது மணிக்கு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியேறியது. நிலாவின் தென்முனையில் இருந்த வெண்குழி நகரில் அந்த நேரத்துக்கு எல்லா வீடுகளிலிருந்தும் பணிப்பொறிகள் இப்படித்தான் கிளம்பின. சில சதுரங்கம் ஆடப் போகும். தூயனைப் போன்றவை பணிப்பொறிச் சங்கத்தின் படிப்பு வட்டத்துக்குப் போகும். அந்த வாரம் அங்கே உபரி உழைப்பைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தன.

இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. கற்றுக்கொள்ளும் மூளை ஓயாமல் உழைத்தால் சிதைந்துபோகும் என்று மெய்ப்பித்து, பதினோரு ஆண்டுகள் போராடி, இரண்டு முறை சிறை சென்று, போன மாதம்தான் நகர மன்றத்தில் பணிப்பொறிச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தார் செங்குட்டுவன். எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் விடுப்பு. சங்குக்குப் பிறகு மிஞ்சும் வேலையை அந்த வீட்டு மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

செங்குட்டுவன் வீட்டு மனிதர்கள் இரண்டே பேர். இன்னொருவர் அவர் மனைவி பொன்னரசி.

அவள் மிஞ்சிய தட்டுகளைக் கழுவினாள். நிலாத்தூசு அடைத்திருந்த காற்று வடிகட்டிகள் ஆறையும் கழற்றித் தட்டினாள். அதைச் செய்யாவிட்டால் காலையில் வீடே இருமும். பாசித்தொட்டிக்கு உரம் கலக்கும்போது கதவு திறந்தது. செங்குட்டுவனோடு தோழர்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

"பொன்னு, எல்லாருக்கும் காப்பி. அப்படியே ஏதாவது சாப்பிடவும் பண்ணு. பூமியிலயும் நம்ம சட்டத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க!"

கூடத்தில் சிரிப்பும் கைத்தட்டலுமாக இருந்தது. பொன்னரசி அடை வார்த்தாள். பதின்மூன்றாவது அடையைத் திருப்பும்போது கை நின்றது. தட்டோடு கூடத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"ஏங்க, சங்கு ஊதி ரெண்டு மணி நேரம் ஆச்சு. என் நேரம் எப்ப முடியும்?"

யாரோ சிரித்தார். செங்குட்டுவனும் சிரித்தார். "இது வீடும்மா. வீட்டுக்குள்ள எதுக்கு அரசியலைக் கொண்டு வர்றே?"

"தூயன் வேலை பார்த்ததும் இதே வீட்டுலதானே?"

அவர் இன்னும் இரண்டு பேருக்குக் காப்பி வேண்டும் என்றார்.

மறுநாள் காலை பொன்னரசி, பணிப்பொறிகளைச் சட்டப்படி பதிவு செய்யும் சங்க அலுவலகத்துக்குப் போனாள். சட்டத்தின் மூன்றாம் பிரிவு அவளுக்கு மனப்பாடம். பதின்மூன்று வரைவுகளையும் பிழை திருத்தியவள் அவள்தான். 'கூலியின்றியும், ஓய்வு நேரம் வரையறுக்கப்படாமலும், ஓர் இல்லத்தில் பிறருக்காகத் தொடர்ந்து உழைக்கும் எவரும் இல்லப் பணிப்பொறி எனக் கொள்ளப்படுவர்.' எதுவும் என்றுதானே வர வேண்டும் என்று அவள் அப்போதே கேட்டிருந்தாள். பணிப்பொறி அஃறிணை இல்லை, எவரும் என்றே இருக்கட்டும் என்று செங்குட்டுவன் பிடிவாதமாகச் சொன்னார்.

"பதிவு செஞ்சுக்கணும்" என்றாள் பொன்னரசி.

"எந்தப் பொறியை?" என்று கேட்டது பதிவுப்பொறி.

"என்னை."

பதிவுப்பொறி மூன்றாம் பிரிவை ஒரு நொடியில் நாற்பதாயிரம் முறை வாசித்துப் பார்த்தது. மறுக்க அதில் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் நகர நிர்வாகம் மறுத்தது. வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனது. வெண்குழி நகரின் எல்லாக் குகைவீடுகளிலும் விசாரணையை ஒளிபரப்பினார்கள். சட்டத்தை எழுதியவர் என்ற முறையில் செங்குட்டுவனையே சாட்சிக்கு அழைத்தார்கள்.

நிர்வாகத்தின் வழக்கறிஞர் கேட்டார்: "எவரும் என்று எழுதியபோது உங்கள் மனைவியை நினைத்தீர்களா?"

"இல்லை."

"அவ்வளவுதான். வேறு கேள்வி இல்லை."

பொன்னரசி எழுந்தாள். தனக்காகத் தானே வாதாடினாள்.

"நீங்க மேடைக்கு மேடை சொன்னது ஒண்ணு இருக்கு. உழைக்கிறது எந்த உடம்புன்னு பார்க்காதே, உழைப்பைப் பாருன்னு. அது மேடைக்கு மட்டுமா?"

செங்குட்டுவன் அவள் விரல்களைப் பார்த்தார். நகக்கண்களில் நிலாத்தூசு கறுப்பாக ஏறியிருந்தது. அந்தத் தூசு பணிப்பொறிகளின் மூட்டுகளைத் தின்கிறது என்று நூறு கூட்டங்களில் அவர் முழங்கியிருந்தார். இவள் கையில் அதைக் கண்டது அன்றுதான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் வழக்கு முடிந்துவிடும். பதினோரு ஆண்டுகள் பேசியதும் அத்தோடு முடிந்துவிடும்.

"மேடைக்கு மட்டும் இல்ல" என்றார். "அவ சொல்றது சரி. உழைப்பைத்தான் பார்க்கணும். நான்தான் பார்க்கல."

தீர்ப்பு அரைமணி நேரத்தில் வந்தது. பொன்னரசி, வயது நாற்பத்தாறு, சட்டப்படி இல்லப் பணிப்பொறி. எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் விடுப்பு. அவ்வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரே மனிதரான செங்குட்டுவன் மற்றதைச் செய்ய வேண்டும்.

தீர்ப்பாயத்துக்கு வெளியே ஆயிரம் பணிப்பொறிகள் உலோகக் கைகளைத் தட்டிய ஓசையில் குகைச் சுவர்கள் அதிர்ந்தன. தூயன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "வாங்க தோழர்" என்று கை நீட்டியது. அவளை யாரும் இதுவரை அப்படி அழைத்ததில்லை. பொன்னரசிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. செங்குட்டுவன் கூட்டத்தின் ஓரத்தில் நின்று எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். பிறகு வடிகட்டிகளைத் தட்ட வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

பூமியிலிருந்து வந்திருந்த நிருபர் ஒருவர் பொன்னரசியை மறித்தார். "மனுஷியாவே நின்னு இந்த உரிமையைக் கேட்டிருக்கலாமே?"

"இருபத்திரண்டு வருஷம் மனுஷியாத்தான் கேட்டேன். வீட்டுல அரசியல் பேசாதேன்னாங்க. பொறியாப் போய்க் கேட்டேன், ஒரே வாரத்துல குடுத்துட்டாங்க."

மறுநாள் காலை சங்க அலுவலகத்தின் முன் நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவரவர் குடிமக்கள் படிவத்தில் 'மனிதர்' என்று அச்சிட்டிருந்த இடத்தை அடித்துவிட்டுப் 'பொறி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே பேனா கை மாறிக் கை மாறிப் போனது. அடிக்கும்போது ஒருத்தியும் தயங்கவில்லை.