லிவர்பூல் பதிவேடு

கப்பலில் சமையல் வேலைக்குப் போன தமிழழகனை நேற்று ராத்திரியிலிருந்து காணோம். கப்பல் லிவர்பூல் துறைமுகத்தில்தான் நிற்கிறது, ஆளைத் தேடுகிறோம் என்று ஏஜெண்ட் போனில் சொன்னார். வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவன் மனைவி அனுசுயா, காலை பஸ்ஸைப் பிடித்து பெரம்பலூர் ஆபீசுக்கு வந்துவிட்டாள். இங்கேயும் அதே பாழாய்ப்போன லிவர்பூல்தான்.

நூறு வருஷத்துக்கு முன்னால் லிவர்பூலில் செத்த மாலுமிகளின் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. பருத்தியும் சர்க்கரையும் இறக்கி அந்த ஊரைப் பணக்கார ஊராக்கிய கப்பல்களில் நம்மவர்களும் அடுப்புக்குக் கரி அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் அவர்கள் சாவு. ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். ஒத்துப்போகாத இடம் திரையில் சிவப்பாக எரியும்.

இன்னொரு ஆள் வினோதினி, பிரசவ லீவில் இருந்தாள்.

'பெயர் தெரியாது. இந்தியர். கரி அள்ளுபவர். ஆற்றில் கிடைத்த பிணம்' என்று அனுசுயா அடித்தாள்.

சிவப்பு.

வினோதினி அடிக்க வேண்டிய பக்கத்தில் பெயர் இருந்தது.

தமிழழகன்.

அழித்தாள். திரும்ப வந்தது. உப்பும் கரியும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

"சுதர்சன் சார், வினோதினி சிஸ்டத்துல யாரு வேலை பாக்குறா?"

"அதுக்கு கரண்ட்டே குடுக்கலியேம்மா," என்றார் மேலாளர், தலை நிமிராமல்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை காலம் பேரில்லாமல் கிடந்தவனுக்கு ஒரு பேர் வேண்டும்.

"அவர வுட்டுடு," என்று திரையிடம் கெஞ்சினாள். "ரெண்டு புள்ளைங்க இருக்கு. கும்புடுறேன், வுட்டுடு."

வாயில் வந்த பெயரையெல்லாம் அடித்துப் பார்த்தாள். எதற்கும் சிவப்பு அணையவில்லை. சுதர்சன் சார் பெயரைக்கூட நினைத்தாள். மனசு வரவில்லை.

கடைசியில், அனுசுயா என்று அடித்தாள்.

எதிர்ப்பக்கத்திலும் எழுத்தெழுத்தாக அதே பெயர் வந்தது. சிவப்பு அணைந்தது.

போன் அடித்தது.

"அனு..." தமிழழகன்தான். குளிரில் பல் தந்தியடித்தது. "தண்ணில வுழுந்துட்டேன் அனு. ராவெல்லாம் ஒரு கட்டையப் புடிச்சிக்கிட்டுக் கெடந்தேன். இப்ப கை வுட்டுப்போயி உள்ள போயிட்டேன். அடியிலேருந்து ஒருத்தன் தூக்கி வுட்டான். படகுல ஏத்திட்டாங்க. அவங்க போன்லதான் பேசுறேன்."

அவள் வாய்விட்டு அழுதாள். "வூட்டுக்கு வந்துருங்க. நீங்க வந்தாப் போதும்."

"அவன் நம்ம தமிழ்தான் பேசுனான். பேரு கேட்டேன். அனுசுயான்னான்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆமா," என்றான், ரொம்ப மரியாதையாக. "நீங்க யாருங்க பேசுறது?"