ஒரு கோடிப் பங்காளிகள்

வினோலியா கடலில் நூறு மீட்டருக்குக் கீழே போகிற நாட்களில் தூத்துக்குடி உப்பளக் காலனியில் யாரும் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். டியூஷன் டீச்சர் பிள்ளைகளைப் பத்து நிமிஷம் வெளியே விரட்டிவிடுவார். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் கழுத்தில் பட்டையை மாட்டிக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருவார்கள். நாற்காலி கூடாது. முதல் தடவை நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்த தபால்காரர் ஞானமுத்து, குப்புற விழுந்து மூக்கை உடைத்துக்கொண்ட பிறகு வந்த ஏற்பாடு அது.

அப்புறம் அங்கே, கடலுக்கு அப்பால், வினோலியா ஒரே மூச்சை இழுத்துக்கொண்டு கயிற்றோரமாகத் தலைகீழாக இறங்குவாள். இங்கே முந்நூற்றுப் பன்னிரண்டு நெஞ்சுக்கூடுகள் உதறத் தொடங்கும்.

சமாச்சாரம் இதுதான். மூச்சை அடக்கினால் நம்மை முதலில் பாடாய்ப் படுத்துவது காற்றுப் பஞ்சமல்ல. உடம்பில் சேர்கிற கரியமிலவாயுவை மூளை மோப்பம் பிடித்து, ‘மேலே போ, மேலே போ’ என்று உதரவிதானத்தை உதைக்கும். அந்த உதைக்குப் பெயர்தான் தவிப்பு. உயிர்வாயு இன்னும் கொஞ்சம் கையிருப்பில் இருக்கும்போதே அடிக்கிற மணி. மூச்சடக்கு வீரர்கள் ஆண்டுக்கணக்காகப் பழகுவதெல்லாம் அந்த மணிச் சத்தத்தோடு குடித்தனம் நடத்தத்தான். ‘தோள்கொடு’ என்றொரு நிறுவனம் வந்தது; தவிப்புப்பங்கி என்றொரு கருவியைக் கொண்டுவந்தது. வீரரின் கழுத்து நரம்பிலிருந்து தவிப்பை உருவி, கூறுபோட்டு, வீரரையும் சேர்த்து, பட்டை மாட்டியிருக்கிற எல்லாருக்கும் ஆளுக்கொரு பங்காக அனுப்பிவிடும். பங்கு வாங்கிக்கொள்கிறவர்களுக்குப் பங்காளிகள் என்று பெயர். சொத்துக்காக வெட்டிக்கொள்கிறவர்களுக்கு இருந்த பெயர், எப்படிப்பட்ட உத்தமர்களுக்குப் போய்விட்டது பாருங்கள்!

தவிப்பு பங்கிடப்படும், உயிர்வாயு பங்கிடப்படாது. இந்த வாக்கியம் கையேட்டின் முப்பத்தொன்பதாம் பக்கத்தில் தெளிவாகவே அச்சாகியிருந்தது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

வினோலியா மேலே வந்து, முகமூடியைக் கழற்றி, விரலை வளைத்துக் காட்டி, “நான் நலம்” என்று நடுவரிடம் சொல்ல வேண்டும். பதினைந்து நொடிக்குள் இதைச் செய்தால் வெள்ளை அட்டை. திணறினால் சிவப்பு. அதெல்லாம் போட்டி விதி. காலனிக்கென்று தனி விதி ஒன்று இருந்தது. அவள் கரைக்கு வந்ததும் முதல் வேலையாகக் காலனிக்குப் படப்பேசியில் பேச வேண்டும்.

“ஏட்டி, நூத்திப் பதினெட்டுக்கே எனக்குக் கண்ணு இருட்டிட்டு. அதுக்கு மேல போனேன்னு வையி, நான் பட்டையைக் கழட்டிருவேன்” என்பார் ஞானமுத்து.

“போன வாரத்துக்கு இது பரவாயில்லக்கா. திரும்பி வரும்போதுதான் கடைசியில ரொம்ப உதைச்சிச்சு” என்பாள் தையல்கடைப் பெண்.

வினோலியா எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். போட்டிக்கு முந்தைய நாள் மாலை ஒவ்வொருவரும் தாம் தொடப்போகும் ஆழத்தைச் சீட்டில் எழுதி, மூடி, நடுவரிடம் கொடுக்க வேண்டும். எழுதிய எண்ணை மாற்ற முடியாது. அவள் எழுதுகிற எண் காலனிக்காரர்களின் வசவிலிருந்து வந்ததுதான். எவ்வளவு திட்டுகிறார்களோ அவ்வளவு மீட்டரைக் குறைத்துக்கொள்வாள்.

அவளுடைய உச்சம் நூற்று இருபத்தொன்று. கொரியாக்காரி ஹானுக்கு எண்பது லட்சம் பங்காளிகள், நூற்று முப்பத்தொன்பது மீட்டர். வினோலியாவுக்கு வயது முப்பத்து நாலு. உலகப் பட்டத்தை ஒரு தடவையாவது தொட்டுவிட வேண்டும் என்று பதினாறு வருஷமாகக் கிடந்து தவிக்கிறவள். அந்தத் தவிப்பை மட்டும் எந்தக் கருவியாலும் பங்குபோட முடியவில்லை.

பட்டத்துக்காக மட்டும் அவள் காலனிக்கு வெளியே பங்காளிகளைத் தேடியிருக்க மாட்டாள். காரணம் அவளுடைய அம்மா சகாயமேரி. படகுத்துறையில் கொழும்புக் கப்பலுக்குச் சீட்டுக் கிழிக்கிறவள், அறுபத்தொரு வயது, இதயம் கொஞ்சம் பலவீனம். நூற்று இருபத்தொன்றைத் தொட்ட அன்று, சகாயமேரி தரையில் சுருண்டு உதடு நீலம் பாரித்துக் கிடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி படமெடுத்து அனுப்பியிருந்தாள். வினோலியா ஓடி வந்தாள்.

“கழட்டிருங்க. இனிமே நீங்க மாட்டக் கூடாது. சொல்லிட்டேன்.”

“பெத்தவ நானே கழட்டினா மத்தவ போட்டிருப்பாளா? நான் ஒருத்தி விலகினா என் பங்கு அவங்க தலையிலல்லா போய் விழும்” என்றாள் சகாயமேரி. “நீ கீழ கெடந்து படுறது எனக்குத் தெரியாம நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்? போ, போய் உன் சோலியப் பாரு.”

அன்றைக்கு வினோலியா அழுதாள். தன் ஆசைக்குப் பெற்றவளைப் பலி கொடுக்கிறோமே என்ற நினைப்பு அவளை அரித்துத் தின்றது. ‘தோள்கொடு’விலிருந்து அபிநந்தன் வந்து நின்றது சரியாக அந்த வாரத்தில். சென்னைப் பையன், சிரித்த முகம், வார்த்தைக்கு வார்த்தை மேடம்.

“எதுக்கு மேடம் முந்நூறு பேரைப் போட்டு வதைக்கறீங்க? நாங்க ஒரு கோடிப் பேரைச் சேர்த்துத் தர்றோம். ஆளுக்கு எவ்வளவு வரும்னு நினைக்கறீங்க? கொசுக்கடி கூட இருக்காது. உங்க அம்மா தாராளமா பட்டையை மாட்டிக்கலாம்.”

அவள் கையெழுத்துப் போட்டாள். நீங்களும் நானும் அவள் இடத்தில் இருந்தால் போட்டிருக்க மாட்டோமா என்ன!

ஆறே வாரம். மலேசியா, மொரீஷியஸ், கனடா என்று தமிழன் கால் வைத்த இடமெல்லாம் பட்டை மாட்டினார்கள். ஒரு கோடி நிறைந்த அன்று வினோலியா நூற்று இருபது மீட்டருக்கு ஒரு பயிற்சி முழுக்குப் போட்டாள். காலனியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆட்டோ ஓடியது. ஞானமுத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து முறுக்கு தின்றார்.

“ஒண்ணுமே தெரியலயேட்டி!” என்று சகாயமேரி படப்பேசியில் சிரித்தாள். “நெசமாவே தண்ணிக்குள்ள போனியா, இல்ல எங்கள ஏமாத்துறியா?”

வினோலியாவுக்கும் ஒன்றுமே தெரியவில்லை. தூங்கி எழுந்தது போல மேலே வந்திருந்தாள். அம்மாவின் சிரிப்பைப் பார்த்தபோது பதினாறு வருஷத்துப் பாரம் இறங்கியது போல இருந்தது. அதன் பிறகு காலனியில் யாரும் அவளைத் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? ஆழத்தை முடிவு செய்ய அபிநந்தன் ஒரு வரைபடம் அனுப்புவான். ‘பங்காளிகளின் சுகநிலை’ என்று அதற்குத் தலைப்பு. கோடு எப்போதும் மட்டமாகவே இருந்தது. நூற்று முப்பது. மட்டம். நூற்று முப்பத்தெட்டு. மட்டம்.

பிரிசில்லாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அவள் வினோலியாவின் சித்தி மகள், அவளுடைய காவல் முக்குளி. ஒவ்வொரு முழுக்கிலும் முப்பது மீட்டர் ஆழத்தில் காத்திருந்து, கடைசித் தூரத்தில் அவளோடு சேர்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டே மேலே வருகிறவள். மூச்சடக்குபவர்கள் மயங்குவது பெரும்பாலும் அடியில் அல்ல, வெளிச்சம் தெரிகிற அந்தக் கடைசி முப்பதில்தான்.

“உன் மூஞ்சி சரியில்லக்கா. முன்னெல்லாம் திரும்பி வரும்போது உன் வயிறு எக்கி எக்கி அடிக்கும். பார்க்கவே பாவமா இருக்கும், ஆனா உயிரோட இருக்கான்னு தெரியும். இப்ப பொம்மை மாதிரி வார. எப்பத் திரும்பணும்னு உனக்கு எதை வச்சுத் தெரியும்?”

“கையில கடிகாரம் இருக்கு.”

“கடிகாரத்துக்கா மூச்சு முட்டுது?”

“சும்மா இரு பிரிசி. ஒரு கோடிப் பேர் என் கூட வாராங்க. எனக்கு ஒண்ணுன்னா அதுல ஒருத்தருக்காவது தெரியாமலா போயிரும்?”



உலகப் போட்டி திருகோணமலையில். அங்கே கரையிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே கடல் அதலபாதாளமாக இறங்குகிறது. முந்தைய நாள் மாலை வினோலியா சீட்டில் எழுதிய எண்ணைப் பார்த்து நடுவரே ஒருமுறை நிமிர்ந்தார். நூற்று நாற்பத்தாறு.

மறுநாள் காலை பத்தேகால் தாண்டி மூன்று நிமிஷம். வெயில் சுள்ளென்று அடித்தது. வினோலியா கடைசி மூச்சை இழுத்து, இடுப்பை மடித்து உள்ளே போனாள். காலில் மாட்டிய ஒற்றைத் துடுப்பின் இருபது உதைகளுக்குப் பிறகு கடலே அவளை இழுத்துக்கொண்டது. அறுபது, தொண்ணூறு, நூற்று இருபது. காதை மட்டும் சமன்படுத்திக்கொண்டே கல்லாக இறங்கினாள். கயிற்றின் அடியில் தட்டு. அதில் ஒட்டியிருந்த அடையாளச் சீட்டைப் பிய்த்துத் தொடையருகே உடையில் செருகினாள்.

அங்கே அவள் ஒரு காரியம் செய்தாள். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் செய்யாதது. சுற்றிப் பார்த்தாள்.

முன்பெல்லாம் தட்டைத் தொட்ட கையோடு திரும்பிவிடுவாள். வயிற்றில் உதைக்கிற உதை அவளை நிற்க விடாது. இன்றைக்கு உதையும் இல்லை, அவசரமும் இல்லை. விளக்கொளிக்கு அப்பால் கன்னங்கரேலென்று அமைதி. எவ்வளவு நன்றாக இருக்கிறது, இதைப் பார்க்காமலா இத்தனை நாள் அலறியடித்து ஓடினோம் என்று நினைத்தாள். ஐந்து நொடியோ ஆறு நொடியோ. பிறகு ஞாபகம் வந்து திரும்பினாள். ஏறும்போதும் சுகமாகவே இருந்தது. தலைக்கு மேல் வெளிச்சம் நீலமாகி வந்ததும், பிரிசில்லாவின் நிழல் இறங்கி வந்ததும் அவளுக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் நினைவில்லை.

பதினெட்டு மீட்டரில் அவள் கண் திறந்தபடி நின்றுபோனாள். வாயோரம் இன்னும் சிரிப்பு இருந்தது. பிரிசில்லா தாடையைப் பொத்திப் பிடித்து அவளை மேலே இழுத்து வந்தாள். ஊது, தட்டு, கூப்பிடு என்று சொல்லிக் கொடுத்திருந்தபடி முகத்தில் ஊதினாள், கன்னத்தில் தட்டினாள், கூப்பிட்டாள்.

“அக்கா, மூச்சு விடு! வினோக்கா! அடப் பாவி, மூச்சு விடுக்கா!”

வாயிலிருந்து நுரையும் ரத்தமும்தான் வந்தது. நடுவர் சிவப்பு அட்டையைத் தூக்கினார். இரண்டரை நிமிஷம் கழித்துப் படகில் வைத்துத்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

நாலாம் நாள் திருகோணமலை ஆஸ்பத்திரியில் அவளால் பேச முடிந்தது. கிழிந்த நுரையீரலைத் தைத்திருந்தார்கள். இனிக் குளத்தில் கூட முங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சகாயமேரி கப்பலேறி வந்து கட்டிலோரமாக உட்கார்ந்திருந்தாள். நாலு நாளாகப் பச்சைத் தண்ணீர் கூடச் சரியாகக் குடிக்கவில்லை.

அபிநந்தன் பழக்கூடையோடு வந்தான்.

“கடவுள் புண்ணியம் மேடம். முழு அறிக்கையும் பார்த்துட்டேன். கருவி ஒரு நொடி கூடப் பழுதாகலை. எழுபத்திரண்டு நாடு, ஒரு கோடிப் பேர், எல்லாருக்கும் பங்கு சரியாப் போய்ச் சேர்ந்திருக்கு.”

“எனக்கு மயக்கம் வரும்போது?” வினோலியாவின் குரல் கரகரத்தது. “என் தவிப்பு எவ்வளவு இருந்துச்சு?”

“அது… இதுவரைக்கும் யாருக்குமே பதிவாகாத அளவு மேடம். தனியா உங்களுக்கே வந்திருந்தா, நூத்தி நாற்பத்தாறு என்ன, நூறைத் தொடறதுக்குள்ளயே அலறிட்டுத் திரும்பியிருப்பீங்க. ஆனா கோடியால வகுத்தாச்சு இல்லையா. ஒருத்தருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை.” அவன் கையடக்கத் திரையைத் தள்ளிப் பார்த்தான். “ஒரே ஒரு சின்னப் புகார்தான் வந்திருக்கு. அந்த நேரத்துல எல்லாருக்கும் ஒரு கொட்டாவி வந்திருக்கு. உலகம் பூரா, ஒரே சமயத்துல. மூணு லட்சம் பேர் எழுதியிருக்காங்க. வண்டி ஓட்டறப்ப தொந்தரவா இருந்துச்சாம்.”

அபிநந்தன் பழக்கூடையை மேசைமேல் வைத்தான்.

“அடுத்த சீசனுக்கு அதையும் சரிபண்ணிடறோம். ஹான் மேடத்துக்கு மூணு கோடிப் பேர் பதிவு பண்ணிட்டாங்க. கொட்டாவி கூட வராது.”

“வேற என்ன வரும்?” என்று கேட்டாள் வினோலியா.

“ஒண்ணுமே வராது மேடம்” என்றான் அவன். நல்ல சேதி சொல்கிற முகத்தோடுதான் சொன்னான்.

சகாயமேரி நிமிர்ந்து பார்த்தாள். “தம்பி, அந்தக் கொட்டாவி எத்தன மணிக்கு?”

“நம்ம நேரம் பத்து இருபத்திரண்டும்மா.”

அவள் தலையாட்டினாள். அபிநந்தன் விடைபெற்றுப் போனான். கதவு மூடியதும் சகாயமேரி மகளின் கையைப் பிடித்தாள்.

“என்னம்மா?”

“டிவி முன்னாலதான் உட்கார்ந்திருந்தேன், மக்கா. பட்டையும் மாட்டித்தான் இருந்தேன். நீ இன்னும் மேல வரல. திடீர்னு வாய் கொள்ளாம ஒரு கொட்டாவி வந்துச்சு. ராத்திரி சரியாத் தூங்கலல்லா, அதான் உடம்பு அசதியா இருக்குன்னு நெனச்சேன். பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, சுகமாத்தான் வாரான்னு எந்திரிச்சு உலை வைக்கப் போயிட்டேன்.”

வினோலியா அவள் விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

“அரிசியக் கூடக் களைஞ்சுட்டேன்” என்றாள் சகாயமேரி. “அது நீதான்னு எனக்குத் தெரியலயே, மக்கா.”